தொட்டிக்குள் விரிந்த கடல் கல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மண்டபம் கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறைகளைப் பார்த்து எழுதுவதுதான் வாழ்நாள் முழுக்க என் வேலை, கண்ணால் காணாத எதையும் எழுதியதில்லை. இதையும் கண்டபடியே சொல்கிறேன், நம்பாவிட்டால் போங்கள்.

கிருஷ்ணகிரி அணை கட்டிக்கொண்டிருந்த காலம். ஊரெல்லாம் கட்டடம் எழும்பியது. அக்காவின் வீட்டுக்காரர், மாமா என்று கூப்பிடுவேன், காவேரிப்பட்டினம் சாலையில் சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தார். பவளப்பாறையைச் சுட்டால் சுண்ணாம்பு பால் மாதிரி வெளுப்பாக வரும் என்று யாரோ சொல்ல, கடற்கரையிலிருந்து ரயிலில் ஒரு பாரம் வரவழைத்துவிட்டார். இன்னும் பெரிய கல் எங்கே கிடைக்கும் என்று, லீவில் வந்திருந்த என்னைப் பிடித்துக்கொண்டார்.

மண்டபம் பக்கம் ஒரு தீவை ஒட்டி எனக்கு ஒரு இடம் தெரியும். எவனும் கடப்பாரை வைக்காத பாறை, மூன்று வருஷமாக நான் மட்டும் இறங்கிப் பார்த்து வந்தது. சொன்னால் ஒரே வருஷத்தில் மொட்டையாகிவிடும், சொல்லாவிட்டால் அக்கா வீட்டில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுவது என்றே முடிவு செய்திருந்தேன்.

நல்ல மத்தியானம். உப்போடு சுட்டால் பிற்பாடு சுவரில் உப்புப் பூத்துவிடும் என்று, கடல் கல்லைப் பத்து நாள் கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். அந்தத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து தாளில் அந்தத் தீவை வரைந்தேன். பாறை இருக்கும் இடத்தில் பென்சிலை வைக்கும்போது தண்ணீருக்குள் என்னவோ அசைந்தது.

குனிந்து பார்த்தால், வெளுத்துப்போன ஒரு கல்லின் குழி ஒவ்வொன்றிலும், அந்தக் கல்லையே கட்டுகிற பவளப்பூச்சிகள் பச்சையும் பழுப்புமாக விரிந்து நிற்கின்றன. கடலை விட்டு வந்து மாசக்கணக்கான கல் ஐயா அது. நல்ல தண்ணீர் பட்டாலே செத்துப்போகிற பூச்சி, அதுவும் பெரும்பாலும் இருட்டில்தான் விரியும். விரலை விட்டேன், வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டன.

"மாமா, ஓடியாங்க, இது உயிரோட கீது!"

வந்து எட்டிப் பார்த்தார். வெறும் வெள்ளைக் கல்.

"வெயில்ல குந்திக்கினு இருந்தா அப்டித்தான் தெரியும் மாப்ளே. எடத்த வரைஞ்சிட்டியா?"

"இல்ல மாமா. அந்த எடத்த நான் சொல்லமாட்டேன்."

தாளைக் கிழித்துப் போட்டேன். அக்கா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் நான் கடைசியாக இறங்கியபோதும் அந்தப் பாறை முழுசாக இருந்தது, அதில் எனக்குக் கர்வம் உண்டு.

உறுத்துவது வேறு. அன்று சாயங்காலமே சூளைக்குக் கல் அடுக்கினார்கள். அந்தக் கல்லை எனக்குக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பைத்தியம் என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதைத் தூக்கிப் போன ஆள் சூளை வாயில் நின்று, கை மாற்றிப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைச் சொறிந்தான்.

"என்னமோ கொட்டுதுங்க," என்றான்.

உயிருள்ள பவளப்பூச்சி கொட்டும், செத்த கல் கொட்டாது. அங்கே நின்றவர்களில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவன் கல்லை உள்ளே வைத்தான், நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.