பித்தளைக் கொக்கிகள்

என் தம்பி டாங்கி கட்டுவான். ராணுவத்தில் ஓடுகிற நிஜ டாங்கி இல்லை, ஒரு சாண் நீளத்துப் பிளாஸ்டிக் டாங்கி. பெட்டியில் துண்டு துண்டாக வரும். ஒட்டி, சாயம் அடித்து, சக்கரத்தில் சேறு மாதிரி எதையோ பூசி அலமாரியில் வைப்பான். முப்பது வயது ஆம்பளைக்கு இது ஒரு வேலையா என்று நான் கேட்காத நாள் கிடையாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளடா என்றால், "நீ மொதல்ல பண்ணுக்கா" என்பான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவனுக்கு ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க் வேலை. எனக்கு வேலை போயிருந்தது.

பதினான்கு வருஷம் பார்த்த வேலை. எழுபதுகளின் கடைசியில், பள்ளிக்கூடம் முடித்த கையோடு, சுங்கைவேயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சேர்ந்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, எள்ளைவிடச் சின்னச் சில்லை ட்வீசரால் எடுத்து, அதற்குரிய கட்டத்தில் கோணாமல் உட்கார வைக்க வேண்டும். லைனில் என்னைவிட வேகமானவள் யாரும் இல்லை. சூப்பர்வைசர் புதுப் பெண்களைக் கூட்டி வந்து என் பின்னால் நிறுத்தி, "இவங்க கையப் பாருங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகக் காய்ச்சலோடு ஓவர்டைம் செய்தவள் நான். அப்புறம் ஒரு வருஷம் கண் பரிசோதனையில் வலது கண் தேறவில்லை. மறுவருஷம் இடதும் போச்சு. பேக்கிங்கில் பெட்டிக்கு டேப் ஒட்டச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் ஆள் குறைப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். "இதுக்கு மேல பவர் ஏத்தி பிரயோஜனம் இல்லம்மா" என்றும் சொன்னார். பார்க்கிற எதிலும் நடுவில் ஒரு மங்கல், ஓரம்தான் தெளிவு. இதைத் தம்பியிடம் நான் மூச்சுவிடவில்லை. கண்ணாடி போட்டதும் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று புளுகினேன். இரக்கப்பட்டு யாராவது பேசினால் எனக்கு உடம்பெல்லாம் எரியும், என் சுபாவம் அப்படி.

சமைத்தேன், துவைத்தேன், மிச்ச நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு பித்தளைத் தகட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். பஸ் டிக்கெட் அளவுதான் இருக்கும். டாங்கியின் மேல் ஒட்டுகிற சின்னச் சின்ன உலோகச் சாமான்கள் எல்லாம் அதில் கொத்தாக இருந்தன. அப்போதுதான் புதிதாக வர ஆரம்பித்திருந்தன.

"அக்கா, என் வெரல் தடி. பிடிக்க முடியல. நீ செஞ்சு குடுக்கிறியா?"

"சோத்துல மட்டும் நல்லா ஓடுதே அந்த வெரல்?" என்றேன். வாய் அப்படிச் சொன்னாலும் மனசு துள்ளியது. ட்வீசரைக் கையில் எடுத்து எத்தனை மாதம் ஆகியிருந்தது!

டாங்கியின் இரண்டு பக்கத்திலும் மண்வெட்டி, கோடாலி, கடப்பாரை எல்லாம் கட்டி வைத்திருப்பார்கள். அவற்றைப் பிடித்து நிறுத்துகிற கொக்கிகள்தான் எனக்கு வந்த வேலை. மொத்தம் இருபத்தி நான்கு. ஒவ்வொன்றும் மூக்குத்தித் திருகில் பாதி. பிளேடால் தகட்டிலிருந்து வெட்ட வேண்டும், மூன்று இடத்தில் மடிக்க வேண்டும், ஊசி முனையால் பசை தொட்டு வைத்து, பசை காய்வதற்குள் நேராக நிறுத்த வேண்டும். தும்மினால் போச்சு. பிடி கொஞ்சம் இறுகினாலும் ட்வீசரிலிருந்து தெறித்துப் போய்விடும், விழுந்த சத்தம்கூடக் கேட்காது. அப்புறம் முட்டி போட்டுச் சிமெண்ட் தரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போக வேண்டியதுதான். சனியனே, எங்கடி போனே என்று அதைத் திட்டிக்கொண்டே தேடுவேன். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தட்டுப்படும்.

காலையில் வெளிச்சம் நன்றாக வந்ததும் ஜன்னலோரம் உட்காருவேன். மடிக்கிறபோது என் விரலே கணக்குப் பார்த்து மடித்தது. ஒரு நாளைக்கு ஒன்று, வேகம் பிடித்த நாளில் இரண்டு. சாயங்காலம் அவன் வேலை விட்டு வந்து டாங்கியைக் கண்ணருகில் தூக்கிப் பார்ப்பான்.

"மெஷின் வச்ச மாதிரி இருக்குக்கா."

"நல்லா பாத்துச் சொல்லுடா."

"பாத்துட்டுதான் சொல்றேன் லா."

ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்சில் நடக்கப்போகும் போட்டியில் அதை வைக்கப்போவதாகவும், டாங்கி முன்னால் வைக்கிற கார்டில் என் பெயரையும் சேர்த்து எழுதுவேன் என்றும் சொன்னான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் பார்த்தேன். சுபாங் ஜெயாவில் ஒரு புது ஃபேக்டரி, அனுபவம் உள்ள ஓப்பரேட்டர்கள் தேவை. எழுத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் படித்தேன். டாக்டர் சொன்னது பொய் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். கண் கெட்டவள் பித்தளைக் கொக்கியை மெஷின் மாதிரி ஒட்டுவாளா? இருபத்தி நான்கையும் முடித்துவிட்டால் போய் நிற்பது என்று முடிவு செய்தேன். முடித்தேன். தம்பியிடம் மட்டும், கிள்ளானில் பழைய லைன் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன், சாயங்காலம்தான் வருவேன் என்று சொன்னேன். வேலை கிடைத்த பிறகு சொல்லி அவன் வாயைப் பிளக்க வைக்கலாம் என்ற ஆசைதான்.

மறுநாள் பஸ் மினியில், அந்தச் சின்ன பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு போய், டவுனுக்குள்ளேயே இருக்கிற கிள்ளான் பஸ் ஸ்டாண்டில் மாறி, சுபாங் ஜெயாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். இருபது வயதுகூட இருக்காத ஒரு மலாய்ப் பெண் என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். பத்துச் சில்லுகளை எடுத்துக் கட்டத்தில் வைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததுமே என் முதுகு பழையபடி நிமிர்ந்தது. கண்ணை வைத்தேன். வட்டத்தின் நடுவில் அதே மங்கல். பரவாயில்லை, கைக்குத் தெரியும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் ஐந்து ஆறு என்று போய்க்கொண்டிருந்தபோது நான் பத்தையும் முடித்துவிட்டு எழுந்து நின்றேன். சிரித்துக்கொண்டு வேறு நின்றேன்.

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். இன்னொருத்தியைக் கூப்பிட்டாள், அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் மெதுவாகப் பேசினார்கள். பத்தும் கோணல், இரண்டு சில்லு கட்டத்திலேயே இல்லை என்பது என் காதில் விழுந்தது. "தாக் அப்பா லா, காக்," பரவாயில்லை அக்கா என்று சொல்லி, குடிக்க ஒரு பாக்கெட் சோயாப்பால் கொடுத்து, வாசல்வரை என் முழங்கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டாள். சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். முழங்கையைப் பிடித்தாளே, அதுதான் தாங்கவில்லை.

பதினொன்றரைக்கு வீடு திரும்பிவிட்டேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை விட்டால், வேலையில் இருக்க வேண்டிய தம்பி என் இடத்தில் உட்கார்ந்து, டாங்கியை மடியில் வைத்து, பிளேடால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தான். கதவைத் தட்டினேன். திறந்தவன் முகம் செத்துப் போயிருந்தது.

"லீவு போட்டியா? என்னடா பண்றே?"

மேசைமேல் ஒரு தட்டில் ஏதோ மினுங்கியது. விரலால் தொட்டுப் பார்த்தேன். என் கொக்கிகள். கூடவே ஒரு புதுத் தகடு.

"எத்தனை எடுத்தே?"

"அக்கா, விடு."

"எத்தனைன்னு கேக்கறேன்!"

"எல்லாத்தையும்தான். எடுத்துட்டு வேற வச்சாச்சு. மொத நாள்லருந்து. நீ பாசாருக்குக் காய் வாங்கப் போறப்போ, கோயிலுக்குப் போறப்போ. கடைசி நாலுதான் மிச்சம் இருந்துச்சு. போட்டியில நாலு பேரு பாப்பாங்க, நீயும் பக்கத்துல நிப்ப. யாராச்சும் ஏதாச்சும் சொல்லிட்டா? அதான்க்கா."

"மெஷின் மாதிரின்னு சொன்னியே, பாவி! அத நம்பித்தானே நான் சுபாங் ஜெயாவுக்குப் போனேன்!"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. விளம்பரம், பரிசோதனை, அந்தப் பெண் என் முழங்கையைப் பிடித்தது என்று எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, திறக்கட்டும் என்று கத்தினேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"சொல்லிருக்கலாம்ல? நீ போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"நீ சொன்னியாடா?"

எனக்கு அழுகைகூட வரவில்லை, வெட்கமாக இருந்தது. அப்புறம் எனக்கு இன்னொன்று உறைத்தது.

"தடி வெரல்னு சொன்னே. அப்போ இதையெல்லாம் யாரு ஒட்டினது?"

அவன் புதுத் தகட்டை என் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தான்.

"ஒட்டு. என் முன்னாடி ஒன்னு ஒட்டு."

"வேணாம்க்கா."

"ஒட்டுடா!"

புதுத் தகட்டிலிருந்து ஒன்றை வெட்டினான். மடித்தான், பசை தொட்டான், வைத்தான். நான் ஒரு காலை முழுக்க மூச்சை அடக்கிச் செய்கிற வேலை. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே செய்தான், ஒரே தடவையில் முடித்துவிட்டான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, டாங்கிமேல் முகம் இடிக்கிற அளவுக்குக் குனிந்தேன். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தேன். கொக்கி இருக்கிற இடத்தில் மஞ்சளாக ஒரு கலங்கல்தான் தெரிந்தது.

"நேரா இருக்கா?" என்று கேட்டேன்.

"நேரா இருக்குக்கா" என்றான், முந்தின நாள் என் கொக்கியைப் பார்த்துச் சொன்ன அதே குரலில்.