ஐந்து சென்ட் தபால்தலையின் பசை

ஐலி மாக்கி அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் ஒரு மளிகைக் கிடங்கில் இருபத்தாறு வருடம் லாரிச் சரக்கைச் சோதித்து வாங்கியவள். மேலடுக்கு ஆப்பிள் பளபளத்தால் அவள் கை நேராகப் பெட்டியின் அடிக்குப் போகும். "வெளிய மழைன்னு சொன்னாலும் ஜன்னலத் தொறந்து பாத்துட்டுத்தான் நம்புவா" என்பான் கணவன்.

ஓய்வு பெற்றதும் தம்பி ரெய்னோ ஒரு தபால்தலை ஆல்பத்தோடு வந்தான். "பொழுதும் போகும், காசும் வளரும். பேங்க்ல போட்டு என்னத்தக் கண்ட?"

அந்தப் பேச்சில் பாதியைத்தான் நம்பினாள். ஆனால் பழைய உறைகளைத் தண்ணீரில் ஊறவைத்துத் தபால்தலைகளை உரிப்பது பிடித்துப்போயிற்று. மாதம் ஒருமுறை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடும் தபால்தலை சேகரிப்போர் சங்கத்துக்கும் போனாள்.

அங்கே நார்பர்ட் ஹாகன் என்பவர் கடை விரித்திருப்பார். இந்த மனிதர் ஏன் இவ்வளவு சிரிக்கிறார்? விளக்கு ஏன் இத்தனை மஞ்சள்? மூன்று மாதம் எதுவும் வாங்காமல் சுற்றிச்சுற்றி வந்தாள். பிப்ரவரியில் 1893-ஆம் வருடத்து ஐந்து சென்ட் தலை ஒன்றை விலை கேட்டாள்.

"பின்னாடி பசைகூட அச்சடிச்சப்ப இருந்த மாதிரியே இருக்கு. விலை அதுக்குத்தான்."

"நூறு வருஷமா ஒருத்தரும் நக்கலையா?"

"நம்பிக்கை இல்லேன்னா விட்டுடுங்கம்மா."

தலையின் ஓரத்துப் பற்களை விரல்நுனியால் வருடினாள். பழைய பசையென்றால் பற்கள் பஞ்சுபோல் இருக்கவேண்டும்; புதிதாகப் பூசினால் ஊறி விறைத்துவிடும் என்று நூலகத்தில் படித்திருந்தாள். இவை குத்தின. சந்தேகத்தைச் சோதித்துவிடவே அதை வாங்கினாள்; தலைகளை ஆராய்ந்து சான்றிதழ் தரும் நிபுணர் குழு தவறென்றால் பணம் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டாள்.

"போலீஸ்ல இருந்தீங்களா?" என்றார் நார்பர்ட்.

"வெங்காய லாரியில."

சான்றிதழ் வர மே மாதமாயிற்று. அதற்குள் சங்கத்தில் இரண்டு பேரிடம், "அந்த ஆள்கிட்ட எதுவும் வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். சந்தேகம் சரிதான்: தலை அசல், பசை புதிது.

நார்பர்ட் அதை இரண்டு முறை படித்தார். பணத்தை எடுத்து வைத்தார்.

"இத எனக்கு வித்ததே உங்க தம்பிதான். தாத்தா சேத்து வெச்சதுன்னார்."

"எங்க தாத்தாவுக்கு எழுதப் படிக்கவே தெரியாதே" என்றாள் ஐலி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

மறுநாளே ரெய்னோவின் வீட்டுக்குப் போனாள்.

"நான் ஒருத்தன்கிட்ட வாங்கினேன். பசையப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"அப்புறம் தாத்தா பேர ஏன் இழுத்த?"

அவன் கார் சாவியைத் தேடத் தொடங்கினான். "சின்ன வயசுலேர்ந்தே நீ யாரையும் நம்ப மாட்ட."

"உன்னக் கொஞ்சம் நம்பினேன்."

ஜூன் கூட்டத்தில், நார்பர்ட் காதில் விழும்படியே, அந்த இருவரிடமும் தான் சொன்னது தப்பு என்றாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் தன்னிடம் விலைக்கு வந்த ஒரு தபால்தலைத் தொகுப்பை அவள் பக்கம் தள்ளினார். "தொட்டுப் பாருங்க."

இவர் ஏன் நம்மைக் கேட்கிறார் என்று யோசித்தபடியே தொட்டுப் பார்த்தாள். தனக்கென்று இப்போது அஞ்சலில் போய் முத்திரை குத்தப்பட்ட பழைய தலைகளைத்தான் வாங்குகிறாள். அவற்றில் பசைத் தொல்லை இல்லை, பெரிதாக விலையும் ஏறாது. ரெய்னோவிடமிருந்து இன்னும் போன் வரவில்லை. வந்தால் எடுப்பதா என்று அவள் முடிவு செய்யவில்லை.