குப்பிக்கு ஒரு பொட்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சாமி கும்பிடாத ஒரே ஆள் நான்தான் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு இப்படிப் பேசித் திரிவதில் ஒரு தனி கிக் இருக்கத்தான் செய்தது.

திருச்சியில் எங்கள் வேலை, மருந்துக்கு மசியாத கிருமிகளை அடக்க எதிர்ப்புப் புரதம் தயாரிப்பது. முசிறிப் பக்கத்து வாழை விவசாயி ஒருவரின் கால் புண்ணிலிருந்து வந்தது எங்கள் கிருமி. எந்த ஊசிக்கும் கேட்காமல் கடைசியில் அவர் காலையே எடுத்துவிட்டார்கள். அந்தக் கிருமியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் புரதத்தைச் சுரக்கிற செல்கள், எட்டு மாதத் தோல்விக்குப் பிறகு, ஒரே ஒரு குப்பியில் வளர்ந்தன. அதில் கொஞ்சம் எடுத்து உறைய வைத்திருந்தால் கவலையே இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

துறைத்தலைவர் பஞ்சகச்சத்தில் வந்தார். "மிஷினுக்கும் ஒரு நாள் மரியாதை பண்ணணும் ஸ்வாமி," என்றார். தூசி கிருமி வராமலிருக்க நாங்கள் செருப்பு மாற்றி, கை கழுவி, முகமூடி போட்டு நுழைகிற அறைக்குள் பொரி, கடலை, சாம்பிராணி, பூசணிக்காய் எல்லாம் தடையின்றி நுழைந்தன. ஓய்வுபெற இரண்டு வருடமே இருந்த லேப் அசிஸ்டென்ட், நுண்ணோக்கி முதல் குப்பைத்தொட்டி வரை சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே போனார். நான் கையைக் கட்டிக்கொண்டு நக்கலடித்தேன்.

"செல் வளர்க்கிற பெட்டியை மட்டும் திறந்துடாதீங்கண்ணே. உள்ள இருக்கறதுக்குக் குங்குமம் ஒத்துக்காது."

"வெளியில மட்டும்தாங்க சார்."

எல்லோரும் சுண்டல் வாங்கப் போனார்கள். அறையில் நான் மட்டும். அடுத்த வாரம் அந்தப் புரதத்தைச் சோதிக்க வேண்டும். எட்டு மாதம் தோற்றவனுக்குப் பயம் வராதா? பெட்டியைத் திறந்தேன். காற்றுப் போகத் துளை வைத்த குப்பி மூடியில், சின்னதாக, ஒரே ஒரு பொட்டு வைத்தேன். கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பார்த்தால் குப்பிக்குள் பூஞ்சை. குங்குமம் பட்ட மூடியிலிருந்துதான் உள்ளே இறங்கியிருந்தது. இருந்த ஒரு குப்பியும் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

துறைத்தலைவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லோரும் லேப் அசிஸ்டென்டைப் பார்த்தார்கள். அன்று எத்தனை பொட்டு வைத்தோம் என்று அவருக்கே கணக்கில்லை. பாவம், நிஜமாகவே யோசித்தார்.

"எல்லாத்துக்கும் நான்தானே வச்சேன். கைப்பழக்கத்துல இதுக்கும் வச்சிருப்பேன் போலிருக்குங்க. மன்னிச்சிடுங்க சார்," என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். உண்மைதான் வரப்போகிறது என்று நானே நம்பினேன்.

"பரவாயில்லை, விடுங்கண்ணே," என்றேன். "இதுக்குத்தான் இந்த மூடநம்பிக்கையெல்லாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கறேன்."