‘அப்பு’ என்றால் அப்பனாம்!

சைக்கிளைச் சுவரில் சாய்த்த கையோடு எங்கள் அய்யா கேட்கும் முதல் கேள்வி, “ஆத்தா, சாப்டியா?” என்பதுதான். அது அக்காவுக்கு. அடுத்தது எனக்கு: “சின்னாத்தா, நீயி?” திண்டுக்கல்லுக்கு வெளியே எங்களுக்குக் கொஞ்சம் கத்தரித் தோட்டம் இருந்தது. தோட்டத்து மண் ஒட்டிய காலோடு வாசலில் நின்று, நாங்கள் இருவரும் பதில் சொன்ன பிறகுதான் கால் கழுவப் போவார். எங்கள் பக்கத்தில் பெற்ற மகளை ஆத்தா என்றும் மகனை அப்பு என்றும் கூப்பிடுவது மூச்சு விடுவதைப் போல. பெற்றவளும் ஆத்தாதான், பெற்ற பெண்ணும் ஆத்தாதான். இதில் யாருக்கும் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. குழப்பம் வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தது.

அக்கா பள்ளிக்கூட டீச்சர். ஐம்பதுகளின் கடைசியில் அவள் எழுதிய கதை ஒன்று பத்திரிகையில் வெளியானது. நிலக்கோட்டையில் மல்லிகை பறித்துப் பிழைக்கும் ஒரு விதவைத் தாய். மகன் வேலை தேடி வெளியூர் கிளம்புகிறான். பஸ் புறப்படும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அப்பு, செத்த நேரம் இருந்துட்டுப் போயேன் அப்பு” என்கிறாள். அவ்வளவுதான் கதை. “பாவிப்பய, ஒரு பஸ்ஸ விட்டாத்தான் என்ன கொறஞ்சு போச்சு?” என்று அம்மா அந்த மகனை இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தாள். அய்யாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். என்னை வாசிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஊர் வாசகசாலையில் அந்தக் கதையைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். பேச வந்தவர் எங்கோ ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். உளப்பகுப்பாய்வைக் கரைத்துக் குடித்தவர் என்று அறிமுகம் செய்தார்கள். அய்யா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷன் எடுத்த எடுப்பிலேயே, “அப்பு என்றால் அப்பன்” என்றார். மகனைத் தகப்பன் என்று அழைக்கிறாளாம். ஆகவே அவள் மகனிடம் தேடுவது தன் தகப்பனையாம். சிறு வயதில் தகப்பன்மேல் வைத்து அடக்கிய ஆசையாம் அது. அதோடு விட்டாரா? கதை என்பது எழுதியவர் காணும் கனவு, எழுதியவரோ கல்யாணமாகாத பெண், அந்த ஆசை யாருடையது என்று நான் வேறு சொல்ல வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கூட்டத்தில் சிலர் எட்டி அய்யாவைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு தரையையே பார்த்திருந்தார்.

அக்கா எழுந்தாள். “சார், எங்க ஊர்ல மகனை அப்புன்னுதான் கூப்பிடுவோம். தெருவுல போயி யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.”

“இவ்வளவு வேகமாக மறுக்கிறீர்களே, அதுவே சாட்சி” என்றார் அவர். கைதட்டினார்கள்!

ஆமாம் என்றால் ஒப்புதல். இல்லை என்றால் அதைவிடப் பெரிய ஒப்புதல். இப்படி ஒரு வழக்கில் எவள் ஜெயிப்பாள்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிற்பாடு நானும் அந்த வித்தையைப் பற்றிய புத்தகங்களை வாங்கிப் படித்தேன். அதைத் தொடங்கிவைத்த வெளிநாட்டு வைத்தியர், நோயாளியைப் படுக்கவைத்து, வாய்க்கு வந்தது எதைச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். இவருக்கோ ஒரு சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்று கேட்கக்கூட நேரமில்லை. எழுதியவளே எழுந்து நின்று சொல்லியும் காதில் வாங்கவில்லை. இதற்குப் பெயர் ஆராய்ச்சியா? சுத்த வாய்க்கொழுப்பு.

மறுநாள் சாயங்காலம் அய்யா சைக்கிளைச் சாய்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, “டீச்சர் சாப்டாச்சா?” என்றார். என்னைக் கேட்கவே இல்லை. அன்றோடு ‘ஆத்தா’ என்ற சொல் எங்கள் வீட்டை விட்டுப் போயிற்று. அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “எவனோ கிறுக்கன் ஒளறுனான்னு பெத்த பிள்ளைய வாய் நெறையக் கூப்பிடாம இருப்பீகளா?” என்று சத்தம் போட்டாள். “நான் கூப்பிட்டா நாலு பேரு சிரிக்கிறான். கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை” என்றார் அய்யா. அக்கா அதற்குப் பிறகு ஒரு கதைகூட எழுதவில்லை. எந்தச் சொல்லுக்குள் எவன் கையை விட்டுத் துழாவுவானோ என்ற பயம்.

அறுபதுகளின் நடுவில் அய்யா படுத்த படுக்கையானார். ஒரு மத்தியானம், கண்ணை மூடியபடியே, தெளிவாக “ஆத்தா” என்றார். அடுப்படியிலிருந்து ஓடி வந்த அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “என்னையவா கூப்பிட்டாரு? இல்ல, செத்துப்போன அவுக ஆத்தாளையா?” என்று என்னிடம் கிசுகிசுத்தாள். “ஒன்னயத்தான், போக்கா” என்று நான் தள்ளிவிட்டேன். அவள் கட்டிலருகே போய்ச் சேர்வதற்குள் அய்யாவின் மூச்சு அடங்கிவிட்டது.

அந்த விரிவுரையாளரின் பேச்சு பிறகு கட்டுரையாகிப் புத்தகத்தில் ஏறி, இன்றும் நூலகத்தில் இருக்கிறது. அக்காவின் கதை எங்கு தேடியும் கிடைக்கவில்லை. எண்பதைத் தாண்டிய அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். சில நாள் தட்டில் சோற்றைப் பிசைந்தவள் அப்படியே கையை நிறுத்திவிடுவாள்.

“ஏண்டி, அன்னைக்கு என்னையத்தானே கூப்பிட்டாரு?”

“ஒன்னயத்தான். சாப்பிடு ஆத்தா” என்பேன்.