நாலாவது கொடித்தடி

என் கணவர் சரீப் கோழை என்று ஊரில் சொல்கிறார்கள். சொல்லட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் எங்கள் வீட்டில் கோழை யார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை நானே சொல்கிறேன். வேறு யாராவது சொன்னால் என் பங்கை விட்டுவிடுவார்கள்.

என் பெயர் நாச்சியா. சொந்த ஊர் முல்லைத்தீவு. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது பிள்ளைகளோடும் உடுத்த துணியோடும் வந்து, வவுனியாவில் பூவரசங்குளத்துக்குக் கிட்ட ஒரு காணித்துண்டில் கொட்டில் போட்டோம். அவர் சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு சுற்றியிருந்த தமிழ்க் கிராமங்களில் விற்றார். முஸ்லிம் அண்ணன் என்ற முறையில் எல்லாரும் அவரை நானா என்று கூப்பிடுவார்கள். முல்லைத்தீவில் இருந்தபோது நல்ல உதைபந்தாட்டக்காரர். முழங்கால் போன பிறகும் அந்த மனிசனுக்கு ஆசை போகவில்லை. கையில் கொடி பிடித்துக்கொண்டு கோட்டோரம் ஓடுகிற லைன்ஸ்மன் ஆகிவிட்டார். மைதானத்தின் நாலு மூலையிலும் ஊன்றுகிற கொடித்தடிகள் எங்கள் வீட்டில், அலுமாரிக்குப் பின்னால்தான் இருக்கும். நாலும் இரும்புக் குழாய்கள். இந்த வீட்டில் அரிசி மூட்டைக்கு இடமில்லை, கொடிக்கு இடமிருக்கிறது என்று நான் ஏசாத கிழமை இல்லை.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதான ஒப்பந்தம் வந்து பாதை திறந்ததும் கிளிநொச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அணிகள் வரத் தொடங்கின. எங்கள் பக்கத்தில் நிரோஜன் என்று ஒரு பொடியன் இருந்தான். பத்தொன்பது வயது. அவன் கால் வேகத்தைப் பார்த்துவிட்டுக் கொழும்புக் கழகம் ஒன்று மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டு போனது. பந்தடித்துச் சம்பளம் வாங்கியவன் எங்கள் பகுதியில் அவன் ஒருவன்தான். பொங்கலுக்கு ஊர் வந்தால் அவனுடைய சப்பாத்தைப் பார்க்கவே பிள்ளைகள் போவார்கள். அங்கே போய்க் குடி பழகினான். கூட விளையாடிய ஒருவனின் தாடையை உடைத்தான். இரண்டாயிரத்து ஐந்தில் கழகம் அவனைத் திருப்பி அனுப்பியது. ஊருக்கு வந்தும் அடங்கவில்லை. வவுனியா டவுனில் ஆயுதக்காரரோடு இருந்து குடிப்பான். எந்தப் பக்கத்து ஆயுதக்காரர் என்று கேட்காதீர்கள், அப்போது நாங்களும் கேட்கவில்லை. அவன் யாரை அடித்தாலும் ஊர் பொறுத்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு இரண்டு கோல் போட்டால் எல்லாம் சரி.

இரண்டாயிரத்து ஆறு தை மாதம் ஒரு இறுதி ஆட்டம் நடந்தது. நிரோஜனைத் திரும்பவும் எடுக்கலாமா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து கதிரையில் இருந்தார். கடைசி நிமிடத்தில் நிரோஜனுக்குத் தண்ட உதை கிடைத்தது. எதிர்க் கோல்காப்பாளன் சுகிர்தன், பக்கத்துக் கிராமம், அரிசி ஆலையில் வேலை செய்தவன். இராசேஸ்வரி அக்காவுக்கு அவன் ஒரே மகன், அவனுக்குக் கீழே தாட்சாயினி என்று ஒரு தங்கை. அவன் பாய்ந்து பந்தைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தான். நானும் கைதட்டினேன். கிண்ணம் கொடுக்கும் முன்பே கொழும்புக்காரர் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

ஆட்டம் முடிந்து பொழுது சாயும் நேரம், சரீப் கொடிகளைச் சேர்த்தார். மூன்றைச் சைக்கிளில் கட்டிவிட்டு நாலாவது மூலைக்குப் போனால் அங்கே குழிதான் இருந்தது. எந்தக் குரங்கு பிடுங்கினதோ என்று ஏசிக்கொண்டு குளக்கட்டுப் பாதையில் தேடிப் போயிருக்கிறார். அங்கே சுகிர்தன் குப்புறக் கிடந்தான். தடி நிரோஜன் கையில் இருந்தது. ஒரே அடி, பின்மண்டையில். அவன் தடியை இவருடைய காலடியில் போட்டான்.

"நானா, நீங்கள் ஒண்டும் காணேல்லை," என்றான். "உங்களுக்கும் பிள்ளையள் இருக்கு."

சுகிர்தனுக்கு அப்போது மூச்சு இருந்ததா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அவர் நாலு தடியோடும் வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றார். ஒரு தடியின் முனையில் இரத்தம். குளக்கட்டில் கண்டதை அவர் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொலிசுக்குப் போகப்போகிறேன் என்றார். நான்தான் மறித்தேன். ஒரு முறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் நாங்கள், இன்னொரு முறை ஓட என்னால் முடியாது என்றேன். அப்படியென்றால் தடியையாவது குளத்தில் போட்டுவிட்டு வருகிறேன் என்றார். அதற்கும் விடவில்லை. நாலு மூன்றானால் மற்றது எங்கே என்று ஊர்க் கழகத்தில் கேட்பார்களே! அந்த நேரத்திலும் என் புத்தி அப்படி வேலை செய்தது. கிணற்றடியில் வைத்துச் சவர்க்காரம் போட்டு, தேங்காய்ப் பொச்சால் தேய்த்து அந்தத் தடியைக் கழுவியது நான். காலையில் அது மற்ற மூன்றோடும் அலுமாரிக்குப் பின்னால் நின்றது.

விடிந்ததும் பிரேதத்தைக் கண்டார்கள். அந்த மாதங்களில் ரோட்டில் பிரேதம் கிடப்பது புதினமில்லை. யார் செய்தது என்று கேட்பவன் அடுத்த பிரேதம். துவக்குச் சூடு இல்லை, மண்டையில் அடி, அதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. இனந்தெரியாதவர்கள் என்று பொலிசில் எழுதினார்கள், கோவையை மூடினார்கள். செத்தவீட்டுக்குப் பயத்தில் பத்துப் பேர் வந்திருப்பார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிவதற்குள் கதை கிளம்பிவிட்டது. சும்மா கிடந்தவனை அடிப்பார்களா, இவன் யாரையோ காட்டிக் கொடுத்திருப்பான், இந்தப் பக்கத்துக்கோ அந்தப் பக்கத்துக்கோ தகவல் சொல்லியிருப்பான் என்றார்கள். தாட்சாயினிக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. காட்டிக்கொடுத்தவனின் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? பந்து பிடித்ததைத் தவிர ஒரு பாவமும் செய்யாத பிள்ளை, மண்ணுக்குள் போன பிறகு துரோகியானான். அந்த ஒரு சொல்லை எங்கள் இரண்டு பேரால் துடைத்திருக்க முடியும். நாங்கள் துடைத்தது தடியை மட்டும்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நித்திரை இல்லை. அந்தத் தடியை வேறு யாரும் தொட அவர் விடமாட்டார். தானே கொண்டுபோய் ஊன்றுவார், தானே பிடுங்குவார், ஆட்டத்தில் பந்து அந்த மூலைக்குப் போனால் மட்டும் பின்னால் ஓடமாட்டார். லைன்ஸ்மன் நானாவுக்குக் கண் தெரியவில்லை என்று பொடியன்கள் பகிடி பண்ணினார்கள். எனக்கு வேறு மாதிரி. தொழுகைக்கு முன் ஒளு எடுக்கக் கையில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கிணற்றடி ஞாபகம் வரும். முழங்கை வரை மூன்று தரம் கழுவினால் போதும், நான் ஏழு தரம், எட்டுத் தரம் கழுவுவேன். என்ன பிரயோசனம்?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விளையாட்டு வீரன் ஒருவன் செத்தால் அவன் பெயரில் நினைவுக் கிண்ண ஆட்டம் வைப்பார்கள். படத்துக்கு முன்னால் தாய் விளக்கேற்றுவாள், வென்ற அணிக்குக் கிண்ணத்தையும் தாயே கொடுப்பாள். சுகிர்தனுக்கு அப்படி வைக்கக் கழகம் பயந்தது. இராசேஸ்வரி அக்கா விடவில்லை. பின்னேரம் பின்னேரமாக வந்து கழக வாசலில் இருந்தா. என்ர பிள்ளை விளையாட்டுக்காரன், வேறொண்டும் இல்லை எண்டு ஊர் ஒருநாளாவது சொல்லட்டும் என்பதுதான் அவாவின் ஒரே கதை. இரண்டாயிரத்து ஏழு தையில் கிண்ணம் வைத்தார்கள்.

அந்தக் கிண்ணத்தை வென்றது யாருடைய அணி என்று நினைக்கிறீர்கள்? நிரோஜன் மூன்று கோல் போட்டான். பெண்கள் பக்கத்தில் நின்று நான் பார்த்தேன். அக்கா கிண்ணத்தை அவன் கையில் கொடுத்து, எட்டி அவனுடைய தலையைத் தடவினா. பின்மண்டையைத்தான் தடவினா. அவன் அசையாமல் நின்றான். சரீப் கையிலிருந்த கொடியைக் கீழே போட்டுவிட்டு, நாலாவது மூலைக்குப் போய் அந்தத் தடியைப் பிடுங்கினார்.

அடுத்த தை வந்தது. இரண்டாம் ஆண்டுக் கிண்ணத்துக்கு முதல் நாள் காலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தா. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. நாளைக்கு மைக்கில் சுகிர்தனைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று சரீப்பைக் கேட்டா. தமிழ் ஆட்கள் சொல்லப் பயப்படுகிறார்கள், நீங்கள் முஸ்லிம் ஆள், உங்களை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள் என்றா. அவாவின் குரல் இறங்கியது.

"அவன் ஆரையும் காட்டிக் குடுத்தவனோ எண்டு எனக்குத் தெரியாது, நானா. குடுத்திருப்பான் போல. சும்மா அடிப்பினமே? ஆனாலும் பெத்த வயிறு. ஒருத்தராவது அவனை நல்லவன் எண்டு சொல்லுங்கோ."

தாய்! பெற்ற தாயே அதை நம்பியிருந்தா. ஊர் சொன்னதை இரண்டு வருடம் தாங்கிய சரீப், அந்தத் தாய் சொன்னதைத் தாங்கவில்லை. எழும்பி உள்ளே போனார். எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். என் கையை எடுத்துவிட்டு, அந்தத் தடியைக் கொண்டுவந்து அக்காவின் காலடியில் வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்.

அக்கா அழவில்லை. தடியை எடுத்து மடியில் வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிப் பார்த்தா.

"கழுவினது ஆர்?"

"நான், அக்கா."

"எப்ப?"

"அண்டைக்கே."

என்னை நிமிர்ந்து பார்த்தா. அடிக்கப்போகிறா என்று நினைத்தேன். அடித்திருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் நித்திரை வரும். அவா தடியை ஊன்றி எழும்பினா. "அப்ப என்ர பிள்ளை ஒண்டும் செய்யேல்லை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படலையைத் திறந்து போனா.

நேரே பொலிசுக்குப் போவா என்று நினைத்தோம். அவா பொலிசுக்குப் போகவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் கிராமத்திலும் தங்கள் கிராமத்திலும் வீடு வீடாகப் போனா. செத்தவீடு சொல்லப் போகிறவர்கள் மாதிரி ஒவ்வொரு படலையிலும் நின்று, ஆட்களை வெளியே கூப்பிட்டு, மூன்று வசனம் சொல்லிவிட்டு அடுத்த படலைக்குப் போனா. சம்பந்தத்தை நிறுத்திய வீட்டுக்கும் போனா. மத்தியானத்துக்குள் கதை அவாவுக்கு முன்னால் ஓடிவிட்டது. நிரோஜன் பின்னேர பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான், இன்றுவரை பிடிபடவில்லை. கொழும்பில் எங்கோ குடித்துக்கொண்டு கிடக்கிறானாம் என்று ஒருவன் சொல்கிறான், கப்பலேறிவிட்டானாம் என்கிறான் இன்னொருவன். அடுத்த நாள் ஆட்டம் நடக்கவில்லை. இப்போது இரண்டாயிரத்து ஒன்பது. சரீப் அதற்குப் பிறகு கொடி பிடிக்கவில்லை. அலுமாரிக்குப் பின்னால் மூன்று தடிதான் நிற்கிறது.

அக்கா வீடு வீடாகப் போன அன்று, பொழுது படும் நேரம் எங்கள் படலை திறந்த சத்தம் கேட்டது. அக்கா முற்றத்தில் நின்றா. காலெல்லாம் புழுதி, கையில் தடி. சரீப்பும் நானும் வெளியே வந்தோம். எங்களுக்கு ஏன் சொல்ல வருகிறா, நாங்கள்தானே சொன்னோம் என்று எனக்கு விளங்கவில்லை. அவா எங்களைத் தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்து, எல்லாப் படலையிலும் சொன்னதையே எங்களுக்கும் சொன்னா.

"சுகிர்தன் என்ர மகன். அவனை அடிச்சுச் சாகடிச்சது நிரோஜன், பந்து பிடிச்ச கோபத்தில. என்ர பிள்ளை ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்லை."

சொல்லிவிட்டு நின்றா. மற்ற வீடுகளில் ஆட்கள் என்ன பதில் சொன்னார்களோ தெரியாது. எங்கள் பதிலைக் கேட்காமல் போகமாட்டா என்று விளங்கியது. நான்தான் சொன்னேன்.

"ஓம் அக்கா. எங்களுக்குத் தெரியும்."