என் அக்காவின் விண்ணப்பத்தில் ஒரு பக்கம்

என் அக்காவைப் பற்றி யாராவது வாய் திறந்தால் போதும், நான் பெருமையடிக்க ஆரம்பித்துவிடுவேன். இதில் எனக்கு வெட்கமே கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவள் ஒரு மருத்துவமனையில், மூளை அலைகளைப் பதிவு செய்யும் பிரிவில் வேலை பார்த்தாள். நோயாளியின் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டுவாள்; காகிதத்தில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது அவளுக்குப் போதவில்லை. அமெரிக்காவுக்குப் போய் மூளை நரம்பியலில் பிஎச்டி படித்தே தீருவேன் என்று நின்றாள். விண்ணப்பங்களை டைப் அடித்தது நான். கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

நான்கு பல்கலைக்கழகங்கள். எதை ஆராயப் போகிறாய் என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். அதற்கு அவளிடம் தங்கமான விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் ஊர்த் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வுபெற்ற ஒரு தமிழர், பக்கவாதம் வந்து அவளிடம் பரிசோதனைக்கு வந்தார். தமிழில் சொன்னதெல்லாம் அவருக்குப் புரிந்தது. வாயில் மட்டும் தமிழ் வரவில்லை, மலாய்தான் வந்தது. வீட்டில் காலமெல்லாம் பேசிய மொழி போய், வேலையிடத்தில் பழகிய மொழி ஏன் மிஞ்சியது? சோற்றுத் தட்டின் முன்னால்கூட அக்கா இதையேதான் பேசினாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும், அவரைப் பற்றி எழுத அனுமதி கேட்க இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவியிடம் அக்கா பக்குவமாகச் சொன்னாள்.

“வேணாம்மா. கட்டினவகிட்டயே மலாய்ல பேசுறாருன்னு ஊருக்கெல்லாம் தெரியணுமா?” அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது.

“சரிங்கம்மா, எழுதல” என்றாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸிலேயே சண்டை பிடித்தேன். “பேரு போட மாட்டோம்லா. அமெரிக்காக்காரனுக்கு அவங்க யாருன்னு எப்படித் தெரியும்?”

“வேணாம்னுட்டாங்க” என்றதோடு சரி.

நானா விடுவேன்? அவரைப் பற்றி முன்னமே டைப் அடித்து வைத்திருந்த பக்கத்தை அவளுக்குத் தெரியாமல் நான்கு உறைகளிலும் செருகினேன். தபால் நிலையத்தில் அவள் ஒவ்வொரு உறையாகச் சரிபார்த்தாள். நான்கு பக்கங்களையும் உருவிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, உறைகளை ஒட்டினாள்.

நான்கு இடத்திலிருந்தும் வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அக்கா அந்த வீட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. மறு ஆண்டு ஒரு ஞாயிறு, நானும் கூட இருந்தேன். அந்த அம்மாள் உள்ளே காப்பி கலக்கிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் இருந்த பெரியவர் அக்காவைப் பார்த்து, “சுடா துலிஸ்?” என்றார். எழுதிவிட்டாயா என்று கேட்கிறார்!

அம்மா வேண்டாம் என்றார்களே என்று அக்கா தட்டுத்தடுமாறி மலாயில் சொன்னாள்.

அவர் இடது கையால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். இது என் தலை, என்னைக் கேட்டாயா என்றார், மலாயில்தான்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் சுருக்கென்றது. அன்றைக்கும் அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு மலாய் மிஞ்சியிருக்கிறது என்று உலகத்துக்கே சொல்லக் கிளம்பியவர்கள், அந்த மலாயில் அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அக்கா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டு, எழுதலாமா என்று கேட்டாள். “போலே துலிஸ்?”

“போலே, போலே.” எழுது, எழுது என்று கையையும் ஆட்டினார்.

காப்பியோடு வந்து நின்ற அம்மாள், “அவரே சொல்லிட்டாரு, நான் என்னத்தச் சொல்ல? பேரு மட்டும் போட்றாதம்மா” என்றார்.

மறுநாள் அக்கா டைப் அடிக்கக் கொடுத்த புதுக் கட்டுரை இப்படித் தொடங்கியது: பேச்சு பாதிக்கப்பட்ட ஒருவரைப் பற்றி எழுத அனுமதி தேடினேன், அவரிடம் மட்டும் கேட்க மறந்தேன்.

“பைத்தியமா உனக்கு? உன்னை நீயே மட்டம் தட்டிக்கிட்டா எவன் சீட்டு கொடுப்பான்?”

“நடந்தது அதானேடி. அடி.”

அடித்தேன். இந்த முறை ஒரு பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. கடிதத்தின் அடியில் அங்கிருந்த பேராசிரியர் கையாலேயே ஒரு வரி எழுதியிருந்தார், அந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார் என்று. நான் சந்தோஷத்தில் குதித்தேன். நல்லா இருக்காருன்னு இப்பவே பதில் அடிக்கட்டுமா என்று கேட்டேன்.

“இரு, அவரையே கேட்டுட்டு வர்றேன்” என்று அக்கா செருப்பை மாட்டினாள்.