இளவரசிக்குப் பேசிய சம்பந்தம்

கலியாணம் கட்டி லண்டனுக்குப் போன அக்கா இரண்டு கிழமை லீவில்தான் தனியாக வந்தாள். மூன்று மாதமாகியும் திரும்பிப் போகவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு வருகிறவர்களிடம், "லீவைக் கூட்டிக் குடுத்திருக்கினம்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவிடம் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் வேலை முடிந்ததும் நான் கம்ப்யூட்டரில் ஒரு கேம் விளையாடுவேன். பழங்கால ஐரோப்பாவில் ஒரு சின்ன அரச குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு நடத்தவேண்டும். என்னிடம் படை குறைவு. பெண் கொடுத்தும் பெண் எடுத்தும்தான் நாட்டைக் காப்பாற்றி வந்தேன். மாப்பிள்ளை வீட்டின் படையையும் எல்லையையும் பார்த்து ஒரு கிளிக்கில் சம்பந்தத்தை முடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு பௌர்ணமி நாள், போயா லீவன்று பின்னேரம் அக்கா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். வடக்கே ஒரு அரசன் படை திரட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு என் மூத்த இளவரசியைக் கொடுக்கப் போனேன்.

"அவனுக்கு எத்தினை வயசு?"

"நாப்பத்தெட்டு."

"அவளுக்கு?"

"இருபத்திரண்டு. குடுத்தா சண்டை வராது அக்கா."

"அவளிட்டக் கேட்டனியே?"

"அப்பிடிக் கேக்கிறதுக்கு இதில பட்டன் இல்லை."

"அப்ப குடுக்காத."

ஏன் அவள் சொல்லைக் கேட்டேன் என்று தெரியவில்லை. இளவரசியைக் கொடுக்கவில்லை. ஆறு மணிக்கு முன்னர் என் தலைநகர் விழுந்துவிட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்கா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஒரே வீட்டுக்குள்ள ஒரு வருஷமா அவர் என்னோட கதைக்கேல்லை. நான் இனித் திரும்பிப் போகமாட்டன்."

அவளுடைய கலியாணப் பேச்சுக்குப் படம் தெரிவு செய்து அனுப்பியது நான்தான். மாப்பிள்ளையின் விசாவையும் வீட்டையும் பற்றி எல்லாரும் விசாரித்தோம். அவளுக்கு அவரைப் பிடித்திருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை.

அக்கா எழுந்து குசினிக்குப் போய் அம்மாவிடமும் அதையே சொன்னாள்.

"சனம் என்ன கதைக்கும் பிள்ளை?" என்றார் அம்மா. பிறகு, "இரவுக்குப் புட்டு அவிக்கட்டே, இடியப்பம் வாங்கட்டே?" என்று கேட்டார்.

அக்கா புட்டு என்றாள்.

விவாகரத்து முடிய ஒன்றரை வருஷம் எடுத்தது. அதற்குள் அக்காவுக்கு நுகேகொடையில் ஒரு பல் கிளினிக்கில் வேலை கிடைத்தது. அம்மா சொந்தக்காரரின் இரண்டு கலியாணங்களுக்குப் போகாமல் விட்டார். மூன்றாவதுக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார்.